பிள்ளைகள் கேட்கும்போது என்ன சொல்வோம்?

கிறிஸ்துமஸ் குடும்பப் பாடம்
வேதபகுதி: யாத்திராகமம் 12:1-27, மத்தேயு 2:1-18, லூக்கா 2:1-40



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களின் நடையே மாறிவிடுகிறது. பரணிலிருந்து நட்சத்திரக் கூடு இறக்கப்படுகிறது. சுவர்களுக்கு வெள்ளையடிக்கப்படுகிறது. அடுக்களையில் முறுக்கும் அதிரசமும் தயாராகின்றன. இரவில் கீதபவனியார் வந்து கதவைத் தட்டுகின்றனர். வடநாட்டுப் பணித்தளங்களில் இந்த நாளைப் 'படா தின்', அதாவது 'பெரிய நாள்' என்று அழைக்கின்றனர். பெரிய நாள்தான், ஐயமில்லை. ஆனால் அந்நாள் எதனால் பெரியது என்று நம் வீட்டிலுள்ள ஏழு வயதுப் பிள்ளை கேட்டால் நம்மிடம் பதில் ஆயத்தமாக இருக்கிறதா?

கர்த்தர் எகிப்து தேசத்தில் இஸ்ரவேலருக்குப் பஸ்காவை நியமித்த விதத்தைக் கவனியுங்கள். ஆட்டுக்குட்டியை வீட்டுக்கு ஒன்றாகத் தெரிந்துகொள்ளச் சொன்னார். குடும்பம் சிறியதாக இருந்தால் அயல்வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இரத்தம் பூசப்பட்டது வீட்டு வாசலின் நிலைகளில். பிற்காலத்தில் பிள்ளைகள் இந்த ஆசரிப்பைப் பார்த்து, இதன் பொருள் என்னவென்று வினவுவார்கள் என்பதையும் அவர் முன்னறிந்து, பெற்றோர் சொல்லவேண்டிய மறுமொழியையும் கற்றுக்கொடுத்தார் (யாத். 12:26,27). யோர்தானைக் கடந்தபின் நாட்டப்பட்ட பன்னிரண்டு கற்களுக்கும் இதே நோக்கம் இருந்தது (யோசுவா 4:6,7). ஆசாரியத்துவம் ஏற்படுத்தப்படுவதற்கு முன்னரே, பண்டிகைக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பைத் தேவன் வீட்டாரிடம் ஒப்புவித்துவிட்டார்.

பிள்ளை கேட்கிறது; பெற்றோர் பதில் சொல்லுகின்றனர். விசுவாசம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கடந்துசெல்லும் வழிகளுள் இது மிகப் பழமையானது. பிள்ளை கேட்டும் பெற்றோர் விடையறியாமல் நின்றால் பலகாரமும் புத்தாடையும் மாத்திரமே மிஞ்சும். பிள்ளை வளர்ந்து தொலைதூர நகரத்திற்கு வேலைக்குச் செல்லும்போது அவற்றை அங்கே கடையில் வாங்கிக்கொள்ளும். வீட்டிலிருந்து எடுத்துச்செல்ல அதற்கு வேறொன்றும் இராது.

ஓர் எச்சரிப்பு

வீட்டு வழக்கங்களுக்குப் பொருள் காணத் தொடங்குமுன் ஓர் உண்மையை நினைவில் கொள்ளவேண்டும். பஸ்காவைத் தேவன் கட்டளையிட்டார். கிறிஸ்துமஸ் பண்டிகையை ஆசரிக்கும்படி வேதத்தில் கட்டளை இல்லை. டிசம்பர் 25-ஆம் நாளைக் கிறிஸ்துவின் பிறப்போடு இணைக்கும் தெளிவான பழைய சான்று, ரோமாபுரியில் கி.பி. 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு காலக்குறிப்பேட்டில் கிடைக்கிறது. ஆர்மீனியத் திருச்சபையார் இன்றும் ஜனவரி 6-ஆம் நாளில் அவருடைய பிறப்பை நினைவுகூருகின்றனர். நாம் அலங்கரிக்கும் குடில் பரவலாவதற்குக் காரணமாயிருந்தவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ். அவர் 1223-ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள கிரேச்சோ என்னும் சிற்றூரில் முன்னணையையும் மாட்டையும் கழுதையையும் வைத்துப் பிறப்பின் காட்சியை மக்கள் காணச் செய்தார்.

ஆகையால் நட்சத்திரக் கூட்டையோ குடிலையோ உபதேசமாக்கிவிடக்கூடாது. அவற்றை வைக்காத விசுவாசியைக் குறைவாக எண்ணவும் கூடாது. ஒரு பொருளுக்கு நாம் விளக்கம் சொல்லும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். நாம் சொல்லும் சத்தியம் வேதத்தில் உள்ளதா? நம் கண்முன் நடக்கும் காரியம் மெய்யாகவே அந்தச் சத்தியத்தை நினைப்பூட்டுகிறதா? இவ்விரண்டிற்கும் ஆம் என்று சொல்லக்கூடுமானால் தயக்கமின்றிப் பிள்ளைக்குச் சொல்லலாம். நம் ஆண்டவரே மாவில் அடக்கிவைத்த புளித்தமாவையும், காணாமற்போன வெள்ளிக்காசுக்காக வீடு பெருக்கிய பெண்ணையும் காட்டித் தேவனுடைய ராஜ்யத்தை விளக்கினார். வீட்டுக் காரியங்கள் அவருக்குச் சிறியவையாகத் தோன்றவில்லை.

இனி, நம் இல்லங்களில் பண்டிகை நாட்களில் நிகழும் ஆறு எளிய காரியங்களை வேதத்தின் வெளிச்சத்தில் ஆராய்வோம்.

1. பாய் விரித்து இடம் உண்டாக்குதல்

விடுமுறைக்கு உறவினர் வருகின்றனர். இரண்டு அறைகளே உள்ள வீட்டில் பன்னிரண்டு பேர். கட்டில் பாட்டிக்கு, பிள்ளைகளுக்குத் தரையில் பாய். முணுமுணுப்புப் பிறக்கும் நேரம் இது.

ஆண்டவர் பிறந்தபோதும் இடநெருக்கடி இருந்தது. குடிமதிப்பு எழுதப்படுவதற்காக யோசேப்பும் மரியாளும் நாசரேத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வழியைக் கடந்து பெத்லகேமுக்கு வந்தனர். நம் வேதாகமத்தில் 'சத்திரம்' என்று மொழிபெயர்க்கப்பட்டுள்ள கிரேக்கச் சொல் 'கட்டாலுமா' என்பதாகும். தங்குமிடம், விருந்தினர் அறை என்றும் அதற்குப் பொருளுண்டு. ஆண்டவர் சீஷரோடு கடைசிப் பஸ்காவைப் புசித்த அறையைக் குறிக்க லூக்கா இதே சொல்லைக் கையாளுகிறார் (லூக். 22:11). நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த விடுதிக்கோ அவர் வேறொரு சொல்லைப் பயன்படுத்துகிறார் (லூக். 10:34).

அக்காலத்து யூதேயாவில் எளியோர் வீடுகளின் ஒரு பகுதியிலேயே இரவில் கால்நடைகளைக் கட்டுவதும் உண்டு. தீவனத் தொட்டியும் அங்கேயே இருக்கும். இதனால், பெத்லகேமில் ஒரு வீட்டின் விருந்தறை ஏற்கெனவே நிரம்பியிருந்தபடியால், வீட்டாரும் கால்நடைகளும் இருந்த பகுதியிலேயே பாலகன் கிடத்தப்பட்டிருக்கலாம் என்று வேத அறிஞர் பலர் விளக்குகின்றனர். இந்த விளக்கத்தை ஏற்றாலும், வழிவழியாகச் சொல்லப்படும் தொழுவத்தை மனதில் கொண்டாலும், ஒன்று உறுதி. வசதியான அறை மீட்பருக்குக் கிடைக்கவில்லை. மாடு தின்னும் தொட்டி அவருக்குப் படுக்கையாயிற்று.

பாயில் படுக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்: "நீ உன் இடத்தைப் பாட்டிக்குக் கொடுத்தாய் அல்லவா? நெருக்கடி மிகுந்த ஓர் இடத்தில்தான் நம் ஆண்டவரும் பிறந்தார். பரலோகத்தில் தமக்குரிய மகிமையை விட்டுக்கொடுத்து நமக்காக இறங்கி வந்தார்." பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தின் ஆழமான உபதேசம் இது. கட்டிலை விட்டுக்கொடுத்த பிள்ளைக்கு அது எளிதில் விளங்கும்.

2. வாசலில் தொங்கும் நட்சத்திரம்

நட்சத்திரத்தை நாம் படுக்கையறையில் தொங்கவிடுவதில்லை. வீதியை நோக்கியே தொங்கவிடுகிறோம். வழிப்போக்கரும் அதைக் காண்கின்றனர்.

மத்தேயு 2-ஆம் அதிகாரத்தில் நட்சத்திரத்தைக் கண்டு வந்தவர்கள் யார்? இஸ்ரவேலர் அல்லர், கிழக்கிலிருந்து வந்த புறஜாதியாரான சாஸ்திரிகள். எருசலேமிலிருந்த வேதபாரகர் மீகாவின் தீர்க்கதரிசனத்தைப் பிழையின்றி எடுத்துரைத்தனர்; பெத்லகேமுக்கு அவர்கள் புறப்பட்டுப் போனதாகவோ வாசிக்கிறதில்லை. வேதம் அறிந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, தூரத்திலிருந்தவர்கள் வந்து பணிந்துகொண்டனர். அவர்கள் பாலகனைக் கண்ட இடம் ஒரு வீடு என்று மத்தேயு குறிப்பிடுகிறார் (மத். 2:11). புறஜாதியார் கிறிஸ்துவைப் பணிந்துகொண்ட முதல் ஆராதனை ஒரு வீட்டில் நடந்தது. நம் வீட்டு நட்சத்திரத்தைக் கண்டு ஒருவர் உள்ளே வந்தால் கிறிஸ்துவின் அன்பை நம்மிடத்தில் காண்பாரா?

நட்சத்திரக் கூட்டிற்குப் பின்னால் அருட்பணிக் குடும்பங்களுக்கு நெருக்கமான ஒரு வரலாறும் உண்டு. மொரேவியத் திருச்சபையாரின் பெயரால் வழங்கும் பலமுனைக் காகித நட்சத்திரம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியில், நீஸ்கி என்னும் ஊரிலிருந்த அவர்களுடைய விடுதிப் பள்ளியில் வடிவியல் பாடத்தின் பயிற்சியாக உருவானது. தூரதேசங்களில் பணியாற்றிய மிஷனெரிகளின் பிள்ளைகள் அத்திருச்சபையின் விடுதிப் பள்ளிகளில் தங்கிப் படித்தனர். பெற்றோர் கடல் கடந்த நாடுகளில் இருக்க, பிள்ளைகள் பள்ளியில் நட்சத்திரம் தொங்கவிட்டு ஆண்டவருடைய வருகையின் காலத்தை ஆசரித்தனர்.

இன்றும் நம் தேசத்தின் பணித்தளங்களில் ஊழியம் செய்யும் பலருடைய பிள்ளைகள் விடுதிகளில் தங்கிப் படிக்கின்றனர். ஆண்டில் ஓரிரு முறை மாத்திரமே அவர்கள் வீட்டைக் காண்கின்றனர். உங்கள் வாசலில் நட்சத்திரம் ஏற்றும் மாலையில் அப்பிள்ளைகளுக்காக ஒரு நிமிடம் ஜெபியுங்கள். ஏன் ஜெபிக்கிறோம் என்பதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

3. அயல்வீட்டிற்குச் செல்லும் பலகாரத் தட்டு

கோவாவிலும் மங்களூரிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவகை இனிப்புகளைச் செய்து தட்டுகளில் அடுக்கி அயலாருக்கு அனுப்புகின்றன. மங்களூரார் அப்பண்டங்களைக் 'குஸ்வார்' என்றும், கோவா மக்கள் அந்தத் தட்டைக் 'கொன்சொவாதா' என்றும் அழைப்பர். மிசோரமில் 'ருவாய்' எனப்படும் ஊர்ப்பந்தியில் செல்வரும் எளியவரும் சேர்ந்து உண்கின்றனர். தமிழகத்து இல்லங்களிலும் பலகாரத் தட்டு அயல்வீட்டிற்குச் செல்கிறது. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அவர்கள் வீட்டிலிருந்து நமக்கு வந்ததும் நினைவிலிருக்கும்.

இவ்வழக்கத்திற்கு வேதத்தில் ஒப்புமை உண்டா? உண்டு. நெகேமியாவின் நாட்களில் ஜனங்கள் நியாயப்பிரமாணத்தைக் கேட்டு அழுதபோது, அழவேண்டாம், விருந்துண்டு மகிழுங்கள், ஒன்றும் ஆயத்தம் செய்ய இயலாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று கட்டளை பிறந்தது (நெகே. 8:10). மேய்ப்பர்களுக்குத் தூதன் அறிவித்த நற்செய்தியும் ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் உரியதன்று. ஜனங்கள் யாவருக்கும் உரியது.

தட்டை எடுத்துச்செல்லும் பிள்ளைக்கு இரண்டு காரியங்களைச் சொல்லிக்கொடுக்கவேண்டும். முதலாவது, இது விலைபேசும் தட்டன்று. அயலாரை வசப்படுத்த நாம் இனிப்பு அனுப்புவதில்லை. தேவன் நமக்கு இலவசமாய் ஈந்தார்; நாமும் கைம்மாறு கருதாமல் கொடுக்கிறோம். ஏன் கொடுக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டால் சாந்தத்தோடும் மரியாதையோடும் காரணத்தைச் சொல்ல ஆயத்தமாயிருப்போம் (1 பேதுரு 3:15). இரண்டாவது, தட்டு முதலில் செல்லவேண்டிய வீடு எது என்பது. நமக்குத் திருப்பி அனுப்பக்கூடிய வீட்டிற்கே தட்டை அனுப்புவது எளிது. தெருமுனையில் தனியாக வாழும் முதியவர், வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பம், அவ்வாண்டில் துக்கம் நேர்ந்ததால் அடுப்பில் பலகாரச் சட்டி ஏறாத வீடு ஆகியவை நம் பட்டியலின் தலைப்பில் இருக்கட்டும்.

4. புத்தாடை

பிள்ளைகள் மிகவும் எதிர்பார்ப்பது புத்தாடையை. பல தகப்பன்மாருக்கு நித்திரையைக் கெடுப்பதும் அதுவே. பண்டிகைக்காக நகையை அடகு வைத்து, வட்டிக்குக் கடன் வாங்கி, சித்திரை வரை தவணை கட்டித் தவிக்கும் விசுவாசக் குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. வெளியே சொல்ல வெட்கப்பட்டு உள்ளே நொந்துபோகின்றனர்.

மரியாளும் யோசேப்பும் பாலகனை எருசலேம் தேவாலயத்திற்குக் கொண்டுவந்தபோது என்ன காணிக்கை செலுத்தினர்? பிரசவித்த தாய் ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு பறவையும் கொண்டுவரவேண்டும், ஆட்டுக்குட்டிக்குச் சக்தியில்லாதவள் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம் என்பது பிரமாணம் (லேவி. 12:6-8). லூக்கா பறவைகளை மாத்திரமே குறிப்பிடுகிறார் (லூக். 2:24). ஏழைக் குடும்பத்தின் காணிக்கை அது. யோசேப்பு கடன்பட்டு ஆட்டுக்குட்டி வாங்கிக் கௌரவத்தைக் காத்துக்கொண்டதாக எழுதப்படவில்லை. தங்கள் நிலைக்கேற்ற காணிக்கையோடு தலைநிமிர்ந்து தேவனுடைய சந்நிதியில் நின்றனர். அவர்கள் கைகளிலோ உலகத்தின் பாவத்தைச் சுமக்கும் ஆட்டுக்குட்டியானவர் இருந்தார்.

தகப்பனாரே, இந்த ஆண்டு புத்தாடை வாங்க இயலாவிட்டால் பிள்ளைகளை உட்காரவைத்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். துவைத்துத் தேய்த்த பழைய உடையோடு ஆலயத்திற்குச் செல்வதில் அவமானம் ஏதுமில்லை. துணிகளில் சுற்றப்பட்டு முன்னணையில் கிடத்தப்பட்ட பாலகனே மேய்ப்பர்களுக்கு அடையாளமாகக் கொடுக்கப்பட்டார் என்று அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாங்க வசதியுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆலயத்தில் இவ்வாண்டு யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்னும் பேச்சு நம் வீட்டில் எழாதிருப்பதாக. நம் பிள்ளையின் சட்டையைப் போன்ற ஒன்றை, வாங்க இயலாத ஒரு வீட்டுப் பிள்ளைக்கும் வாங்கி, யாரும் அறியாதபடி சேர்த்துவிடலாம்.

5. முதியோர் மடியில் குழந்தை

பண்டிகை நாளில் வீட்டின் ஒரு மூலையில் தாத்தாவோ பாட்டியோ அமர்ந்திருப்பார். எல்லாரும் பரபரப்பாக இருக்க, அவரோடு பேச ஒருவரும் இரார். யாரோ ஒருவர் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைக்கும்போது அந்த முகம் மலருகிறது. இந்தக் காட்சியை நாம் எத்தனையோ முறை கண்டும் காணாததுபோல் கடந்திருப்போம்.

லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் இதே காட்சி உண்டு. சிமியோன் பாலகனைத் தம் கைகளில் ஏந்திக்கொண்டார். ஏழே ஆண்டுகள் கணவனோடு வாழ்ந்து, பின் நெடுங்காலம் விதவையாயிருந்து, 84 வயதை எட்டிய அன்னாளும் அவ்வேளையில் வந்து சேர்ந்தார். ஆலயத்தில் அன்று எத்தனையோ பேர் நடமாடியிருப்பார்கள். பாலகன் இன்னார் என்று அறிந்துகொண்டவர்களாக நாம் வாசிப்பது காத்திருந்த இவ்விருவரைப் பற்றியே. மீட்புக்காகக் காத்திருந்த யாவருக்கும் அவரைக் குறித்துப் பேசியவர் முதிர்வயதுள்ள ஒரு விதவை என்பதை மறவாதிருப்போம் (லூக். 2:38).

நம் வீட்டு முதியோர் ஜெபித்துக் காத்திருந்த ஆண்டுகளின் பலனையே நாம் இன்று அனுபவிக்கிறோம். இந்தக் கிறிஸ்துமஸ் நாளில் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: "நம் குடும்பத்திற்கு இயேசுவைப் பற்றிய செய்தி முதலில் எப்படி வந்தது?" சில வீடுகளில் அது நான்கு தலைமுறைக்கு முந்திய கதையாக இருக்கும், சில வீடுகளில் பத்தாண்டுக் கதையாக இருக்கும். எழுதி வைக்காவிட்டால் அம்முதியவரோடு அது மறைந்துபோகும்.

6. காலியான இடம்

இதுவரை கூறியவை ஒன்றுகூடி மகிழும் இல்லங்களுக்குப் பொருந்தும். ஆனால் இந்தப் பக்கங்களை வாசிக்கும் பலருடைய வீட்டில் பந்தியில் ஓர் இடம் காலியாக இருக்கக்கூடும். சென்ற ஆண்டு இருந்த தகப்பன் இவ்வாண்டு இல்லை. சொத்துப் பிரிவினையால் அண்ணன் பேசுவதில்லை. மகன் ஆலயத்திற்கு வருவதை நிறுத்திவிட்டான். மேலும் சிலருக்கு வீட்டில் பண்டிகையே இல்லை. தாங்கள் மட்டும் விசுவாசத்திற்குள் வந்ததினால் நட்சத்திரம் தொங்கவிடவோ சத்தமாய்ப் பாடவோ இயலாமல், அன்றைய தினத்தையும் சாதாரண நாளாகவே கழிக்கும் சகோதரிகள் நம் பணித்தளங்களில் உண்டு. இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்ன சொல்லுகிறது?

முதலாவது, பிறப்பின் வரலாறு கண்ணீரை மறைத்து எழுதப்படவில்லை. சாஸ்திரிகளின் மகிழ்ச்சியைச் சொன்ன அதே அதிகாரத்தில் மத்தேயு பெத்லகேம் தாய்மாரின் அழுகையையும் எழுதினார். அவர்களுக்கு ஆறுதல் சொல்ல அவர் அவசரப்படவில்லை. ஆகவே துக்க வீட்டாரிடம் சென்று, பண்டிகை நாளில் அழக்கூடாது என்று சொல்லாதிருப்போம். அருகில் அமர்ந்திருந்தால் போதும்.

இரண்டாவது, நம் ஆண்டவருடைய சொந்த வீட்டிலேயே விசுவாசம் உடனே முளைக்கவில்லை. அவருடைய சகோதரர் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் வெளிப்படையாக எழுதுகிறார் (யோவான் 7:5). ஒரே கூரையின்கீழ் வளர்ந்தும், அவருடைய நடக்கையைக் கண்டும், அவர்கள் உள்ளம் திறக்கவில்லை. ஆயினும் அவர் பரமேறிய பின்பு மேல்வீட்டறையில் ஜெபத்தில் தரித்திருந்தவர்களோடு மரியாளும் அவருடைய சகோதரரும் இருந்தனர் (அப். 1:14). உயிர்த்தெழுந்த கர்த்தர் யாக்கோபுக்குத் தரிசனமானார் (1 கொரி. 15:7). இடைப்பட்ட ஆண்டுகளில் மரியாள் என்ன செய்தார்? பிறப்பின் காலத்திலும், பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் அவரைக் கண்டபோதும், யாவற்றையும் உள்ளத்தில் காத்துவைத்தார் என்று லூக்கா இருமுறை குறிப்பிடுகிறார் (லூக். 2:19,51).

தனியாக விசுவாசத்தில் நிற்கும் சகோதரியே, உன் வாசலில் நட்சத்திரம் இல்லை என்று கலங்காதே. அன்று நீ வீட்டாருக்கு அன்போடு சமைத்துப் பரிமாறும் உணவும், சுடுசொல்லுக்கு நீ சொல்லும் மென்மையான மறுமொழியும் ஆண்டவருக்குப் பிரியமான ஆராதனையே. பந்தியில் காலியிடம் உள்ள பெற்றோரே, அந்த இடத்தை மறைக்கவேண்டாம். மகனைப் பற்றிக் குறைகூறி நிரப்பவும் வேண்டாம். அவன் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பகையாயிருக்கும் அண்ணனுக்கு அன்று ஒரு தொலைபேசி அழைப்புச் செய்யக்கூடும் அல்லவா? அவர் எடுக்காமற்போகலாம். நாம் செய்தது வீணல்ல. நாம் இன்னும் சத்துருக்களாயிருக்கையிலேயே தேவன் முந்திக்கொண்டு நம்மிடம் வந்தார் என்பதே பெத்லகேமின் செய்தி (ரோமர் 5:10).

வீட்டிலிருந்து பணித்தளத்திற்கு

வீட்டுக்குள் கண்ட அர்த்தம் வீட்டோடு நின்றுவிடக்கூடாது. 1894-ஆம் ஆண்டு ஜனவரியில் லொரெயின், சாவிட்ஜ் என்னும் இரு மிஷனெரிகள் மிசோ மலைநாட்டிற்கு வந்துசேர்ந்தனர். அங்கே எழும்பிய சபையின் பெண்கள் 1910-ஆம் ஆண்டளவில் ஓர் எளிய வழக்கத்தைத் தொடங்கினர். ஒவ்வொரு வேளையும் அரிசி களையுமுன் ஒரு கைப்பிடியை எடுத்து ஆண்டவருக்கென்று தனியே வைத்தனர். 'புஃபாய் தாம்' எனப்படும் இந்தக் கைப்பிடி அரிசிக் காணிக்கை நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடருகிறது. அது சபையின் ஊழியங்களைத் தாங்குகிறது. அம்மலைநாட்டிலிருந்து இன்று இந்தியாவின் பல பகுதிகளுக்கு மிஷனெரிகள் அனுப்பப்படுகின்றனர்.

அரிசிப் பானைக்கும் அருட்பணிக்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள். வேளைதோறும் தாய் செய்ததைப் பிள்ளை கண்டது. ஏன் என்று கேட்டது. தாய் பதில் சொன்னார். தமிழகத்துச் சபைகளிலும் கைப்பிடி அரிசி எடுக்கும் வழக்கம் உண்டு. பல வீடுகளில் அது மறைந்துவருகிறது. இந்தக் கிறிஸ்துமஸ் மாதத்தில் மீண்டும் தொடங்கலாம் அல்லவா?

கிறிஸ்துமஸ் மாலைக் குடும்ப ஜெப முறை

இதற்கு 20 நிமிடங்கள் போதும். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிடுங்கள்.

அ. வீட்டில் மிக இளைய பிள்ளை விளக்கையோ மெழுகுவர்த்தியையோ ஏற்றுவதற்கு அருகில் நின்று பெரியவர் உதவட்டும்.

ஆ. லூக்கா 2:1-20 பகுதியை ஆளுக்குச் சில வசனங்களாக வாசியுங்கள். வாசிக்க இயலாத முதியவர் தமக்கு மனப்பாடமான ஒரு வசனத்தைச் சொல்லட்டும்.

இ. ஒவ்வொருவரும் அன்றைய நாளில் வீட்டில் நடந்த ஒரு சிறு காரியத்தைக் கூறி, அது ஆண்டவருடைய பிறப்பில் எதை நினைப்பூட்டுகிறது என்று சொல்லட்டும். பிள்ளைகள் சொல்வதைத் திருத்த அவசரப்படாதீர்கள்.

ஈ. வீட்டில் இல்லாதவர்களின் பெயர்களையும், நீங்கள் அறிந்த ஒரு பணித்தளத்தின் பெயரையும் சொல்லி ஜெபியுங்கள்.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. யாத்திராகமம் 12-இல் பிள்ளையின் கேள்விக்கு மறுமொழி கூறவேண்டியவர் யார்? நம் வீட்டில் அப்பொறுப்பை யாரிடம் விட்டிருக்கிறோம்?

2. எருசலேமின் வேதபாரகருக்கும் கிழக்கத்திய சாஸ்திரிகளுக்கும் இருந்த வேறுபாடு என்ன? நாம் இவ்விருவரில் யாரைப் போலிருக்கிறோம்?

3. நம் பலகாரத் தட்டு இதுவரை சென்றிராத ஒரு வீட்டைக் குறிப்பிடுங்கள்.

4. இந்தப் பண்டிகைக்காக நாம் வாங்க எண்ணியிருக்கும் கடன் அவசியமானதா? யோசேப்பும் மரியாளும் செலுத்திய காணிக்கை நமக்கு என்ன கற்பிக்கிறது?

5. யோவான் 7:5-ஐயும் அப்போஸ்தலர் 1:14-ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள். யாருக்காக நாம் இன்னும் பொறுமையோடு ஜெபிக்கவேண்டும்?

ஜெபம்

எங்களோடிருக்கும் இம்மானுவேலரே, மாளிகையைத் தேடாமல் எளிய குடும்பத்தில் வந்து பிறந்தவரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் அடுக்களையிலும் பந்தியிலும் நீர் வாசமாயிரும். எங்கள் பிள்ளைகள் கேட்கும்போது உம்மைக் குறித்துச் சொல்ல எங்களுக்கு வார்த்தையையும், அதற்கேற்ற நடக்கையையும் தாரும். துக்கத்தோடிருக்கும் வீடுகளைத் தேற்றும். பிரிந்திருப்பவர்களைச் சேர்த்தருளும். பணித்தளங்களில் தனித்திருக்கும் உமது ஊழியக்காரரையும், விடுதிகளிலுள்ள அவர்கள் பிள்ளைகளையும் காத்துக்கொள்ளும். எங்கள் வாசலைக் கடந்துபோகிறவர்கள் உமது வெளிச்சத்தைக் காணும்படி செய்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.